இன்னைக்கு அனுப்பலாமா? உடம்பு சரியில்லாத பிள்ளையும் பள்ளிக்கூடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். காலை ஏழு மணியிலிருந்து எட்டரை வரை என் போன் அடித்துக்கொண்டே இருக்கும். பாதிக்குப் பாதி ஒரே கேள்விதான்: "டீச்சர், இன்னைக்கு அனுப்பட்டுமா?" அவசரத்தில் நான் சொல்லும் பதில் சில நாள் அரைகுறையாகப் போய்விடுகிறது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, அம்மாக்களும் அப்பாக்களும் கேட்ட விதத்திலேயே எழுதி, ஆற அமர யோசித்த பதிலோடு இங்கே வைக்கிறேன். மருத்துவம் சம்பந்தப்பட்டதையெல்லாம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்கினேன்.

"உடம்பு லேசா சுடுது டீச்சர். ஆனா நல்லா விளையாடுறான். அனுப்பலாமா?"

முதலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். பாத்திரம் கழுவிய ஈரக்கைக்கு எந்த நெற்றியும் சுடும். அடுப்படியில் நின்ற கைக்கு எதுவும் சுடாது. உடம்பின் உள்சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காய்ச்சல். அக்குளில் வைத்தால் அரை டிகிரி, ஒரு டிகிரி குறைத்துத்தான் காட்டும். அதனால் அக்குளில் 99.5-ஐத் தாண்டினாலே காய்ச்சல் என்று வைத்துக்கொண்டு அன்றைக்கு வீட்டில் நிறுத்துங்கள். விளையாடுகிறான் என்றால் நோய் கடுமையாக இல்லை என்று அர்த்தம். அது நல்லதுதான். ஆனால் அடுத்தவருக்கு ஒட்டாது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

காய்ச்சல் இல்லை, ஆனாலும் பிள்ளை ஒரு மாதிரி இருக்கிறது என்றால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் வரை உட்கார்ந்து படிக்கத் தெம்பு இருக்கிறதா? பக்கத்துப் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் நோயா? யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்குமா? மூன்றாவது கேள்வி பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒரு பிள்ளை என் மடியில் சுருண்டு படுத்துவிட்டால் இரண்டு வகுப்பும் அப்படியே நின்றுவிடும்.

"காலைல சிரப் கொடுத்தேன், காய்ச்சல் விட்டுடுச்சு. அனுப்பிட்டேன். தப்பா?"

காய்ச்சல் விடவில்லை, மருந்து அதை அமுக்கி வைத்திருக்கிறது. பாராசிட்டமால் நாலு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் வரைதான் வேலை செய்யும். எட்டு மணிக்குக் கொடுத்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை தட்டின் முன்னால் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நானே இதைச் செய்திருக்கிறேன். என் மகள் மூன்றாவது படிக்கும்போது எனக்கு லீவு போட முடியாத ஒரு நாள், சிரப்பை ஊற்றி அனுப்பிவிட்டேன். பதினொன்றரைக்கு அவள் டீச்சர் போன் செய்தார். போய்ப் பார்த்தபோது 103. அன்றைக்கு அவள் முகம் இருந்த விதம் இன்றும் என் மனதில் இருக்கிறது.

மருந்து எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம். நேற்று ராத்திரி காய்ச்சல் இருந்தது, காலையில் இல்லை என்றால் இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு. அப்புறம் ஒன்று: பாராசிட்டமால் சிரப் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. அண்ணனுக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து தம்பிக்கு அதே மூடி அளவு ஊற்றாதீர்கள். ஒரு வேளைக்குக் கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. பிள்ளையின் எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"மூக்கு ஒழுகிட்டே இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை சளி பிடிக்குது. ஒவ்வொரு தடவையும் லீவு போடணுமா?"

வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறிலிருந்து எட்டு முறை சளி பிடிப்பது இயல்புதான். அத்தனைக்கும் நிறுத்தினால் பிள்ளை பள்ளிக்கூடமே வர முடியாது. காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறது, ராத்திரி தூங்கியது என்றால் அனுப்புங்கள். சட்டையில் ஊக்கு குத்தி ஒரு கைக்குட்டையும் வைத்து அனுப்புங்கள், போதும்.

சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறியதும் பயந்துபோய் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கிறவர்கள் நிறைய. சாதாரண வைரஸ் சளியே நாலைந்து நாளில் அப்படி நிறம் மாறும். நிறத்தை வைத்து மருந்து வாங்காதீர்கள்.

"சளி போயிடுச்சு, இருமல் மட்டும் போகல. மெடிக்கல்ல ஒரு சிரப் வாங்கித் தந்துட்டு அனுப்பட்டுமா?"

சளிக்குப் பின்னால் வரும் இருமல் இரண்டு, மூன்று வாரம்கூட இழுக்கும். பிள்ளை தெம்பாக இருந்தால் பள்ளிக்கு வரலாம். இருமும்போது முழங்கையை மடக்கி வாயை மூடிக்கொள்ள வீட்டில் பழக்குங்கள், நாங்களும் வகுப்பில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம்.

சிரப்பை மட்டும் நீங்களாக வாங்காதீர்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் கலந்திருந்தது. அதையடுத்து மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இருமல், சளி மருந்து கூடவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாக வேண்டாம் என்றும் மறுபடி எச்சரித்தது. நல்ல தயாரிப்பாக இருந்தாலும் இந்த மருந்துகளால் பிள்ளைகளுக்குப் பெரிய பலன் இல்லை என்கிறார் எங்கள் மருத்துவர். வெந்நீர், தூதுவளை ரசம், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ராத்திரி ஒரு ஸ்பூன் தேன், இவை தொண்டைக்கு இதமாக இருக்கும்.

நெஞ்சில் விசில் சத்தம், வேகமாக மூச்சு வாங்குதல், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு அடியில் குழி விழுதல், இவற்றில் எது இருந்தாலும் நேராக மருத்துவமனைக்குத்தான். விடாமல் இருமி, கடைசியில் 'ஊப்' என்று இழுத்து வாந்தி எடுத்தால் கக்குவானாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் தொடங்கி ஐந்து நாள் ஆகும்வரை வீடுதான். இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவாக இருந்தாலும், அதிலும் எடை குறைந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்குப் பரிசோதனை செய்துவிடுங்கள். இலவசம்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"காலைல ஒரு வாந்தி எடுத்தா. அப்புறம் சரியாயிட்டா. அனுப்பவா?"

அவசர அவசரமாகப் பாலைக் குடித்துவிட்டு வேனில் ஏறும்போது எடுத்த வாந்திக்கும் வயிற்றுத் தொற்றால் வரும் வாந்திக்கும் காலையில் வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். தொற்றாக இருந்தால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். வாந்தியோ தண்ணீராகப் பேதியோ தொடர்ந்தால், கடைசியாக நின்றதிலிருந்து 48 மணி நேரம் கழித்து அனுப்புங்கள். 24 மணி நேரம் போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் எங்கள் பள்ளியில் அத்தனை பிள்ளைகளுக்கும் இரண்டே கழிப்பறைதான், சோப்பு தீர்ந்துபோன நாளும் உண்டு. அதனால் இரண்டு நாள் கேட்கிறேன்.

வீட்டில் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குச் சரியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். பாதிப் பொடியை டம்ளரில் போட்டுக் கரைக்கக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் போட்டு விற்ற அட்டைப்பெட்டி ஜூஸ்களில் சர்க்கரை அதிகம். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. அரசு மருத்துவமனையில் பொடி பாக்கெட்டும் 14 நாளுக்கான துத்தநாக மாத்திரையும் இலவசமாகவே தருவார்கள். பேதி நின்றாலும் அந்த 14 நாளையும் முடியுங்கள்.

"மெட்ராஸ் ஐ வந்திருக்கு. கூலிங் கிளாஸ் போட்டு அனுப்பினா யாருக்கும் ஒட்டாதுல்ல?"

ஒட்டும். மெட்ராஸ் ஐ பார்வையால் பரவுவதில்லை, கையால் பரவுகிறது. பிள்ளை கண்ணைக் கசக்கும், அதே கையால் பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை வாங்கும். கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்கு உதவும், அவ்வளவுதான். நீர் வடிவதும் பீளை கட்டுவதும் நின்று, சிவப்பு குறையும்வரை வீட்டில் இருக்கட்டும். பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும். தனித் துண்டு, தனித் தலையணை.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று கண்ணில் எதையும் விடாதீர்கள். போன வருடம் வாங்கி மீதி இருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பார்வைக்கே கெடுதல்.

"அம்மை போட்டிருக்கு டீச்சர். மூணாவது நாள் தலைக்குத் தண்ணி ஊத்திட்டோம். இனி அனுப்பலாம்ல?"

எங்கள் பக்கத்தில் இதைச் "சின்னம்மை" என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு இல்லை, தெருவில் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். அந்த வழக்கத்தில் ஒரு நல்லது இருக்கிறது: வேப்பிலை கட்டிய வீட்டுக்கு யாரும் போவதில்லை, பிள்ளையும் வெளியே வருவதில்லை. நம் முன்னோர் தனிமைப்படுத்தலைத்தான் அப்படிச் செய்துவைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். அதனால் அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் ஊற்றியதைக் கணக்கு வைத்து அனுப்பாதீர்கள், உடம்பைப் பாருங்கள். கொப்புளம் ஒன்றுவிடாமல் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். புதிதாக ஒன்றுகூட எழும்பக் கூடாது. பொதுவாக முதல் கொப்புளம் தெரிந்ததிலிருந்து ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். பொருக்கு உதிர்ந்து தழும்பு மறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன். அம்மனுக்கு ஆகாது என்று மருத்துவரிடம் போகாமல் இருக்காதீர்கள். வேப்பிலையும் இருக்கட்டும், மருத்துவரும் பார்க்கட்டும். தேவைப்படும் பிள்ளைக்கு வைரஸை எதிர்க்கும் மருந்தை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபென்னும் கூடாது. அப்புறம் எனக்கு உடனே சொல்லுங்கள். ஒரு வருடம் ஒரு பிள்ளைக்கு அம்மை என்று நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது எங்கள் சத்துணவு உதவியாளர் ஆறு மாதக் கர்ப்பிணி, அவருக்குச் சிறுவயதில் அம்மை வந்ததில்லை. கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. நல்லவேளையாக அவருக்கு வரவில்லை. அந்த மூன்று வாரமும் நாங்கள் பட்ட பயம் யாருக்கும் வேண்டாம்.

அம்மையிலும் வகை உண்டு. கொப்புளம் இல்லாமல் மணல் தூவியது போல் சிவப்புத் தடிப்பு, கூடவே கடும் காய்ச்சல், இருமல், சிவந்த கண் என்றால் அது தட்டம்மை, மணல்வாரி என்பார்கள். தடிப்பு தெரிந்ததிலிருந்து நான்கு நாள் கட்டாயம் தனியாக இருக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்ல வேண்டும். கன்னத்தடியில் வீங்கும் பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். தட்டம்மைக்கு அரசின் இலவசத் தடுப்பூசி இருக்கிறது, 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் அந்தப் பட்டியலில் ஊசி இல்லை, வெளியேதான் போட வேண்டும்.

"அண்ணனுக்கு அம்மை. தம்பிக்கு ஒண்ணும் இல்ல. தம்பியை அனுப்பலாமா?"

அனுப்பலாம், ஆனால் தினமும் காலையில் சட்டையைக் கழற்றி முதுகு, வயிறு, தலைமுடிக்குள் பார்த்துவிட்டு அனுப்புங்கள். சின்னம்மை உடம்புக்குள் போய் 10 முதல் 21 நாளுக்குள் வெளியே தெரியும். கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே பரவத் தொடங்கிவிடும் என்பதால் முழுவதுமாகத் தடுக்க முடியாது. இருந்தாலும் நன்றாக இருக்கும் பிள்ளையை மூன்று வாரம் வீட்டில் அடைப்பதில் நியாயம் இல்லை. அந்த நாட்களில் லேசான காய்ச்சலோ சோர்வோ தெரிந்தால் முதல் கேள்வியில் சொன்ன அளவையெல்லாம் பார்க்காமல் நிறுத்திவிடுங்கள்.

"கையில, கால்ல, வாயில எல்லாம் கொப்புளம். இதுவும் அம்மையா? தக்காளிக் காய்ச்சல்ங்கறாங்க."

பெரும்பாலும் இது கை, கால், வாய் நோய். 2022-இல் கேரளாவின் கொல்லத்தில் பரவியபோது தக்காளிக் காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தக்காளிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மை வயிற்றிலும் முதுகிலும் தொடங்கும். இது உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் என்று வரும். வாய்ப்புண்ணால் பிள்ளை சாப்பிட மறுக்கும். தயிர் சாதம், ஆறிய கஞ்சி, இளநீர் கொடுங்கள்.

காய்ச்சல் விட்டு, கொப்புளங்கள் காய்ந்து, வலி இல்லாமல் சாப்பிடத் தொடங்கியதும் அனுப்பலாம். இந்த வைரஸ் பல வாரம் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும், அதற்காக அத்தனை நாளும் நிறுத்த முடியாது. கால் கழுவிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம்தான் தடுக்கும். சில வாரம் கழித்து நகம் உரிந்தால் பயப்படாதீர்கள், திரும்ப முளைக்கும்.

"தலையில பேன். கையில சிரங்கு வேற. வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

பேனுக்காக ஒரு நாளும் அனுப்ப மாட்டேன். பேன் யார் தலையிலும் வரும், நோய் எதையும் பரப்பாது. சாயங்காலம் ஈர் சீப்பால் வாரிவிடுங்கள். சொறிசிரங்கு என்றால் மருத்துவர் தரும் களிம்பை ஒரு ராத்திரி உடம்பு முழுக்கத் தடவிவிட்டு மறுநாள் அனுப்பலாம். வீட்டில் அரிப்பு இல்லாதவர்கள் உட்பட எல்லாரும் ஒரே நாளில் தடவ வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும். படர்தாமரைக்கும் மருந்து தொடங்கிவிட்டால் வரலாம். கடையில் சொல்லும் கலப்புக் களிம்பு வேண்டாம், அதில் ஸ்டீராய்டு இருந்தால் முதலில் அடங்கினாற்போல் இருந்து அப்புறம் உடம்பெல்லாம் படரும்.

"டெங்குன்னு சொன்னாங்க. காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆச்சு. நீங்க சொன்ன 24 மணி நேரம் முடிஞ்சுது. அனுப்பட்டுமா?"

வேண்டாம். இரண்டாவது கேள்வியில் சொன்ன கணக்கு டெங்குவுக்குச் செல்லாது. மற்றக் காய்ச்சலில் சூடு இறங்கினால் நல்லது. டெங்குவில் சூடு இறங்கும் நேரம்தான், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ஆபத்தான கட்டம் தொடங்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பு திடீரென்று துவண்டுபோகும். வெளியே பார்த்தால் பிள்ளை குணமானதுபோல் இருக்கும். காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லென்று ஆவது, அளவுக்கு மீறிய தூக்கம், இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி எந்நேரமானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகே பள்ளி. நிலவேம்புக் கசாயமும் பப்பாளி இலைச் சாறும் கொடுத்தோம் என்பதால் பரிசோதனையை விடாதீர்கள். உயிரைக் காப்பது உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான். டெங்கு பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு நேரடியாக ஒட்டாது. ஆனால் காய்ச்சல் நாட்களில் அவனைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடித்தால் பரவும். அது பகலில் கடிக்கும் கொசு. பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தக் காய்ச்சலையும் இரண்டு நாளுக்கு மேல் வீட்டு வைத்தியத்தில் வைத்திருக்காதீர்கள்.

"சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தா ஜன்னி வரும். அங்கன்வாடிக்கு அனுப்பவே பயமா இருக்கு."

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும், மூளையைப் பாதிக்காது. நன்றாக இருக்கும் நாளில் தாராளமாக அனுப்புங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கையில் சாவி, இரும்பு எதையும் திணிக்க வேண்டாம், வாயில் தண்ணீரோ ஸ்பூனோ வைக்கவே கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல் தடவை என்றால் நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"நான் வேலைக்குப் போகலன்னா கூலி இல்ல. வீட்ல பார்த்துக்க ஆள் இல்ல. என்ன பண்றது டீச்சர்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற அம்மாவிடம் "லீவு போடுங்கள்" என்று சொல்வது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கு வந்தால் காலையிலும் மதியமும் சாப்பாடு உண்டு. 2023 ஆகஸ்ட் முதல் அரசு தொடக்கப் பள்ளி எல்லாவற்றிலும் காலை உணவும் தருகிறோம். வீட்டில் நிறுத்தினால் அம்மாவுக்குக் கூலி போகும், பிள்ளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் போகும். அதனால்தான் சுடச்சுட அனுப்புகிறார்கள், அலட்சியத்தால் அல்ல.

எங்கள் ஊரில் பலித்தது ஒன்றைச் சொல்கிறேன். ஒரே தெருவில் நான்கு அம்மாக்கள் பேசிவைத்துக்கொண்டார்கள். யார் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ அந்தப் பிள்ளையை அன்றைக்கு வீட்டில் இருப்பவர் பார்த்துக்கொள்வார், அடுத்த முறை இவர் திருப்பிச் செய்வார். நல்லா இருக்கும் நாளிலேயே பேசி முடித்துவிட வேண்டும், காய்ச்சல் வந்த காலையில் ஆள் தேட முடியாது. ஒருவருமே இல்லை என்றால் மறைக்காமல் என்னிடம் சொல்லி அனுப்புங்கள். லேசான காய்ச்சல் என்றால் தாழ்வாரத்தில் காற்றோட்டமாகத் தனிப் பாயில் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வேன். எத்தனை மணிக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மை, பேதி, மெட்ராஸ் ஐ மட்டும் அப்படி முடியாது.

"மதிய மாத்திரையை நீங்களே கொடுத்துடறீங்களா?"

முடிந்தவரை வேண்டாம். அறுபது பிள்ளைகளுக்கு நடுவே யாருக்கு எது என்று மாறிப்போனால் பெரிய விபத்து. மூன்று வேளை மருந்து என்றால் காலை, பள்ளி விட்டதும், படுக்கும் முன் என்று வைத்துக்கொள்ளலாமா என மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். வீசிங் இருக்கும் பிள்ளைக்கு இன்ஹேலர் மட்டும் கட்டாயம் பையில் இருக்க வேண்டும், மருத்துவரின் சீட்டும் அதோடு. இன்ஹேலர் போட்டால் பழக்கமாகிவிடும் என்பது தவறான பயம். வீசிங் அடங்கியிருக்கும் பிள்ளை பள்ளிக்கும் வரலாம், ஓடியும் விளையாடலாம்.

"தினமும் காலைல வயிறு வலிக்குதுங்கறா. லீவுன்னு சொன்னதும் சரியாயிடுது. நடிக்கிறாளா?"

நடிப்பு என்று சொல்லாதீர்கள். மனசு பயந்தாலும் வயிறு உண்மையாகவே வலிக்கும். முதலில் உடம்பைப் பாருங்கள். வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்து கூடிக்கொண்டே போனால் குடல்வாலாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. மலச்சிக்கலா, சிறுநீர் போகும்போது எரிச்சலா என்று கேளுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலை முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்திருக்கும் பெண் பிள்ளைகள் நிறைய. அது எங்கள் குறை, சொன்னால் சரிசெய்யப் பார்ப்போம்.

உடம்பில் ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வலிப்பதே இல்லை என்றால் எந்த நாளில், எந்தப் பாடவேளை அன்று வலிக்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வியாழன் தோறும் வலித்தது. அன்றைக்குத்தான் நான் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வேன். எழுந்து நின்று சொல்வதை நிறுத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொன்னேன், வலி போய்விட்டது. இந்த மாதிரி வலிக்கு வீட்டில் நிறுத்துவது மருந்தாகாது, நாள் கூடக் கூடத் திரும்பி வருவது கஷ்டமாகிவிடும். அனுப்புங்கள், ஆனால் காரணத்தை என்னோடு சேர்ந்து தேடுங்கள். யாராவது அடிக்கிறார்கள், தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்கள் என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் நம்புங்கள். அன்றைக்கு அனுப்ப வேண்டாம். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்.

"நாளைக்குப் பரீட்சை. 101 இருக்கு. எழுதிட்டு வந்துடட்டுமே?"

வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்புவரை யாரையும் தேர்வை வைத்து நிறுத்தி வைப்பதில்லை. விட்ட தேர்வை இன்னொரு நாள் என் மேசையிலேயே எழுதிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு என்றால் நிலைமை வேறு. அன்று காலையே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், தனி அறை கேட்டுப் பாருங்கள். எழுதவே முடியாத நிலை என்றால் துணைத் தேர்வு இருக்கிறது, வருடம் வீணாகாது.

ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுத்து வந்தோம். ஒரு வருடம் அந்தப் பரிசை வாங்கிய பெண், மேடையிலிருந்து இறங்கியதும் என்னிடம், "மிஸ், ரெண்டு தடவை காய்ச்சலோட வந்தேன், சொல்லல" என்றாள். பெருமையாகச் சொன்னாள். அடுத்த வருடம் அந்தப் பரிசை எடுத்துவிட்டோம்.

"லீவு போட்டா மட்டும் போதுமா, எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?"

இருமலுக்கும் டெங்குவுக்கும் மேலே சொன்ன அறிகுறிகளோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எதைக் குடித்தாலும் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எழுப்பினால் கண் திறக்கவில்லை, கழுத்தை வளைக்க முடியவில்லை, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி, மூன்று நாள் தாண்டிய காய்ச்சல். சந்தேகமாக இருந்தால் 104-க்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். மூச்சுத் திணறலுக்கும் வலிப்புக்கும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108.

"அந்தப் பிள்ளை காய்ச்சலோட வந்துதான் என் பிள்ளைக்கு ஒட்டிச்சு. அவங்க அம்மாவை ஏன் நீங்க கேக்கல?"

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் யாரிடமிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பல நோய்கள் வெளியே தெரிவதற்கு முன்பே பரவிவிடும் என்று அண்ணன் தம்பி கேள்வியில் சொன்னேன். எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் என்பதை நான் இன்னொரு வீட்டில் சொல்வதும் இல்லை. "வகுப்பில் ஒருவருக்கு அம்மை, உங்கள் பிள்ளையைக் கவனியுங்கள்" என்று மட்டும் எல்லாருக்கும் சொல்வேன்.

அந்த அம்மாவிடம் நான் பேசாமல் இல்லை. ஆனால் திட்டுவதில்லை. ஒரு முறை திட்டினால் அடுத்த முறை சிரப்பை ஊற்றிவிட்டு, சொல்லாமல் அனுப்புவார்கள். அது உங்கள் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கெடுதல். முடிந்தால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், நீங்கள் வீட்டில் இருக்கும் நாளாக இருந்தால், "நான் பார்த்துக்கறேன், நீ வேலைக்குப் போ" என்று சொல்லிப் பாருங்கள். அந்த நான்கு அம்மாக்களும் அப்படித்தான் தொடங்கினார்கள்.